நீர்வண்ணம் தொடங்கி வைத்த நெடும்பயணம்
(ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்வும் பணியும்)

மழை பெய்து ஓய்ந்த சிற்றூர்த் தெருவைப் பலரும் பார்த்திருக்கிறோம். கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டும். தெருவின் பள்ளங்களில் வானம் கிடக்கும். எதிரே வருபவரின் முகம் தெரியாது. குடையும் நடையும் மட்டுமே தெரியும். இக்காட்சியைச் சொல்லால் வடிப்பது ஒரு கலை. வண்ணத்தால் வடிப்பது மற்றொரு கலை. முன்னதில் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உடையவர். பின்னதில் இளமையிலேயே கைதேர்ந்து, ஊரார் பாராட்டையும் பெற்று, பின்னர் அதனைத் தாமே கடந்து சென்ற ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. அவர் வெளிநாட்டவர் அல்லர், கோவையில் பிறந்தவர். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கிழக்கே சென்றால் அவர் உருவாக்கிய கலைஞர் கிராமத்தை இன்றும் காணலாம். அவரே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

சொல்லோவியமும் வண்ண ஓவியமும்

பணிக்கரின் வாழ்வுக்குள் நுழையுமுன், அவர் முதலில் கையாண்ட ஓவிய முறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1874-ஆம் ஆண்டு பாரிசு நகரில் இளம் ஓவியர் சிலர் அரசின் கலைக்காட்சியை நம்பியிராமல் தாமே ஒரு கண்காட்சி நடத்தினர். அதில் குளோத் மோனே என்பார் துறைமுகத்துச் சூரிய உதயத்தைத் தீட்டிய படமொன்றை வைத்திருந்தார். அப்படத்தின் தலைப்பிலேயே மனப்பதிவு என்னும் பொருள்படும் சொல் இருந்தது. திறனாய்வாளர் ஒருவர் அச்சொல்லையே எடுத்து அக்குழுவினர் அனைவரையும் எள்ளினார். எள்ளலாகப் பிறந்த அப்பெயரே நிலைத்தது. அதனைத் தமிழில் மனப்பதிவு ஓவியம் என்கிறோம்.

இவ்வோவியர்கள் செய்த புதுமை யாது? அவர்கள் பொருளைத் தீட்டவில்லை. பொருளின்மேல் விழும் ஒளியைத் தீட்டினர். நிழல் கறுப்பு அன்று, அதில் நீலமும் ஊதாவும் உண்டு என்று கண்டனர். வண்ணங்களைப் பலகையில் குழைத்து மழுப்பாமல், சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வைத்தனர்; அவற்றைக் கலக்கும் வேலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு விட்டனர். வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் முறை 1841-இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்ததால், அறையை விட்டு வெளியேறி வயலிலும் தெருவிலும் நின்று தீட்ட அவர்களால் முடிந்தது. இக்குழுவில் மூத்தவரான கமில் பிசாரோ (1830–1903) பாரிசைச் சுற்றியிருந்த சிற்றூர்ச் சாலைகளை வெயிலிலும் பனியிலும் ஈரத்திலும் திரும்பத் திரும்பத் தீட்டினார். 1874 முதல் 1886 வரை அக்குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கு கொண்டவர் அவர் ஒருவரே. செசான், கோகேன் முதலிய இளையோர்க்கு ஆசிரியராக இருந்து வழிகாட்டியவரும் அவரே.

மழைத்தெரு இவர்களுக்கு ஏன் உவப்பாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. உலர்ந்த தெரு மண்ணின் நிறத்தை மட்டுமே காட்டும். நனைந்த தெருவோ வானத்தையும் சுவரையும் மரத்தையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். பொருள்களின் எல்லைக்கோடு மழையில் கரைந்துவிடும். எஞ்சுவது ஒளியும் நிறமுமே.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் ஒரு மழைக்காட்சியுடன்தான் தொடங்குகிறார். வெள்ளத்துக்கு அஞ்சிக் கோவலர் தம் நிரைகளை வேற்று நிலத்துக்கு ஓட்டுகின்றனர். குளிர் தாங்காமல் கையில் கொள்ளி பிடித்துக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். மூதூரின் அகன்ற தெருவில் கட்டுடல் கொண்டோர் சாரலைப் பொருட்படுத்தாமல் பொழுது கடந்தும் திரிகின்றனர். கதிரவனைக் காண இயலாத அந்நாளில், பிச்சியரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டே மாலைப்பொழுது வந்ததென்று மகளிர் அறிந்து விளக்கேற்றுகின்றனர். ஒளி மறைந்ததைச் சொல்லாமல், ஒளியின்மையால் நேர்ந்ததைச் சொல்லும் இத்திறம் மனப்பதிவு ஓவியத்தின் திறத்தோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. இன்னது இருந்தது என்று இருவரும் கூறவில்லை. இன்னவாறு தோன்றிற்று என்றே கூறினர்.

பொன்னானிச் சிறுவன்

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கோயம்புத்தூரில் பிறந்தார். பள்ளிப் பருவம் பொன்னானியில் கழிந்தது. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பாரதப்புழை அரபிக் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது. மக்தூம் மரபினரின் கல்விப் பணியால் கீழைக் கடல்வழி முழுதும் புகழ்பெற்றது. போர்த்துகீசியர் மலபாரில் புகுந்த வரலாற்றைப் பதினாறாம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூமின் ஊரென அறிஞர் அதனை நன்கறிவர்.

ஆறும் கழியும் தென்னந்தோப்பும் நெற்கழனியும் சூழ்ந்த அந்நிலத்தில், ஆனி ஆடி மாதங்களில் மழை பெய்தால் நாள் கணக்கில் விடாது. பச்சை நிறத்தில் எத்தனை பச்சை உண்டென்று கண் தானே கற்றுக்கொள்ளும் ஊர் அது. பன்னிரண்டாம் வயதிலேயே பணிக்கர் இயற்கைக் காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார். பதினேழாம் வயதில் சென்னையில் ஆண்டுதோறும் நடைபெற்ற நுண்கலைச் சங்கக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன.

அவர் முதலில் தேர்ந்த ஊடகம் நீர்வண்ணம். எண்ணெய் வண்ணத்தில் பிழை நேர்ந்தால் மேலே பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் அது இயலாது. தாளின் வெண்மையே அதில் ஒளி. ஒளி வேண்டுமிடத்தில் வண்ணம் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஈரத்தாளில் தூரிகை பட்டதும் வண்ணம் தானே பரவும். எதுவரை பரவவிடலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை நொடியில் தீர்மானிக்க வேண்டும். மழையும் மூடுபனியும் நீர்நிலையும் தீட்ட இதனினும் ஏற்ற ஊடகம் இல்லை. கேரளத்து நீர்வழிகளையும் தென்னஞ்சோலைகளையும் சிற்றூர்களையும் பணிக்கர் இம்முறையில் தீட்டிய படங்கள், ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர்களின் நுட்பமும் மனப்பதிவு ஓவியர்களின் ஒளியுணர்வும் ஒருங்கே கொண்டவை என்று கலையறிஞர் மதிப்பிடுவர்.

குடும்பச் சுமையும் கலைக்கல்வியும்

வாழ்க்கை அவருக்கு எளிதாக வழி விடவில்லை. பணிக்கர் இளைஞராக இருந்தபோதே தந்தையார் மறைந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுக் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் பணி ஏற்றார். ஓவியம் வல்ல கை தந்தி அலுவலில் ஈடுபட நேர்ந்தது. நம் மாணவர் பலருக்கும் இந்நிலை அயலானதன்று. குடும்பத்தின் தேவை ஒருபுறமும் உள்ளத்தின் விருப்பம் மறுபுறமும் இழுக்க, இடையில் நின்று தவிக்கும் இளைஞர் எத்தனையோ பேர். பணிக்கர் கடமையைத் துறக்கவில்லை, கலையையும் துறக்கவில்லை. 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், தம்மினும் இளையோரோடு மாணவராகச் சென்னைக் கலை கைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார்.

எழும்பூரை அடுத்துள்ள அப்பள்ளி, 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டுப் பின் அரசின் பொறுப்புக்கு வந்தது. நெடுங்காலம் அது கைத்தொழில் கூடமாகவே விளங்கிற்று. 1929-இல் வங்காளத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்ற பின்னரே நுண்கலை அங்குத் தலைநிமிர்ந்தது. மெரினாக் கடற்கரையில் இன்றும் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர், 1941-இல் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார்.

1944-இல் நண்பர்களையும் மாணவர்களையும் இணைத்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் புதிய ஓவியக் குழுக்கள் எழுந்த காலம் அது. சென்னை ஓவியரின் படைப்புகளும் பிற நகரங்களில் காணப்பட வேண்டும், பேசப்பட வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம்.

கடல் கடந்து எழுந்த வினா

1954-இல் பணிக்கர் இங்கிலாந்தும் ஐரோப்பாவும் சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவரை நூல்களின் வழியே கண்டிருந்த மேலை ஓவியங்களை அங்கே நேரில் கண்டார். பெருமிதத்தோடு திரும்பியிருக்கலாம், ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு வினா வேர்விட்டது. வான்கோவும் கோகேனும் தத்தம் மண்ணிலும் மரபிலும் காலூன்றி எழுந்தவர்கள். அவர்களின் தூரிகைத் தீற்றலை நாம் எவ்வளவு அழகாகப் பின்பற்றினாலும், அது நம்முடைய குரலாகுமா? தென்னையையும் தோணியையும் தீட்டினால் மட்டும் ஓவியம் இந்திய ஓவியமாகிவிடுமா?

இவ்வினாவின் கூர்மையை உணர வேண்டுமாயின், அவர் எதை இழக்கத் துணிந்தார் என்பதை எண்ண வேண்டும். அவருடைய இயற்கைக் காட்சிப் படங்களை மக்கள் விரும்பினர், கண்டதும் புரிந்துகொண்டனர். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர், குடும்பத்தலைவர், பெயர் பெற்றவர். அத்தகைய ஒருவர் கைவந்த கலையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குதல் எளிதன்று. ஆயினும் அவர் தொடங்கினார். மனித உருவங்களை நோக்கித் திரும்பினார். அஜந்தா முதலிய பழஞ்சுவரோவியங்களின் கோட்டு வளத்தைத் தம் படங்களில் பயின்றார். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஒவ்வொரு படியாகத் தேடினார்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கங்கள் அவர் கண்ணில் பட்டன. எண்களும் குறிகளும் கோடுகளும் நெருங்கிக் கிடந்த அப்பக்கத்தில், பொருளை மறந்து பார்த்தால் ஓர் ஓவியம் இருப்பதைக் கண்டார். எழுத்தும் ஓர் உருவந்தானே! சாதகக் கட்டங்கள், சக்கரங்கள், ஓலைச்சுவடியின் நெருக்கமான வரிகள் ஆகியவற்றையெல்லாம் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாகத் தீட்டிவந்துள்ளனர் அல்லவா! 1963 முதல் அவர் படைத்த சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசை இவ்வாறு பிறந்தது. பரந்த வண்ணப்பரப்பில் மலையாள எழுத்தை ஒத்த வரிகள், கணக்குக் குறிகள், கட்டங்கள், இடையிடையே பறவையும் மீனும் அவற்றில் காணப்படும். அவ்வரிகளைப் படித்துப் பொருள் காண முயல்வோர் ஏமாறுவர். அவை படிப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. எழுத்தின் ஓசையும் பொருளும் நீங்கிய பின்னும், ஒரு மக்கட்கூட்டத்தின் கைப்பழக்கம் அதன் வடிவில் தங்கியிருக்கும் என்பதை அவை காட்டுகின்றன.

மழைத்தெருவைத் தீட்டிய கைக்கும் இதற்கும் தொடர்பு இல்லையோ என்று சிலர் ஐயுறலாம். தொடர்பு உண்டு. நீர்வண்ணத்தில் தாளின் வெறுமையை ஒளியாக மாற்றக் கற்றவர் அவர். அதே வெறுமை பின்னைய ஓவியங்களில் எழுத்துகள் மிதக்கும் வெளியாக அமைந்தது. பார்ப்பவர் கண்ணே படத்தை நிறைவு செய்ய வேண்டும் என்னும் மனப்பதிவு ஓவியரின் கொள்கையும் அங்கே உயிரோடிருக்கிறது.

ஆசிரியப் பெருந்தகை

1957-இல் பணிக்கர் கலைப்பள்ளியின் முதல்வரானார். 1967-இல் ஓய்வு பெறும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அப்பத்தாண்டுகள் சென்னை ஓவிய வரலாற்றின் பொற்காலம் எனலாம். சிற்பி எசு. தனபால் போன்ற உடனாசிரியரும் எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ் போன்றோரும் அங்கே இயங்கினர். பின்னாளில் தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் கோட்டோவியங்களாலும் எழுத்துருக்களாலும் புதுமுகம் தந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008) அக்காலத்து மாணவரே. 1961-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தின் சார்பில் ஓர் ஆங்கிலக் கலையிதழையும் பணிக்கர் தொடங்கி நடத்தினார். ஓவியம் தீட்டினால் மட்டும் போதாது, அதைப்பற்றி எழுதவும் பேசவும் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மாணவரிடம் அவர் காட்டிய பரிவுக்கு ஒரு சான்று கூறலாம். கே. இராமானுஜம் என்னும் இளைஞர் பேச்சுத் தடையாலும் உள்ளத் துயராலும் வருந்தியவர். உலகம் அவரை ஒதுக்கிற்று. அவர் வரைந்த கோட்டில் ஒரு கனவுலகமே இருப்பதைப் பணிக்கர் கண்டார். பள்ளியிலும் பின்னர்க் கலைஞர் கிராமத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. 1973-இல் இளவயதிலேயே இராமானுஜம் மறைந்தார். ஆயினும் இந்திய ஓவியத்தில் அவர் பெயர் மறையவில்லை. தகுதியைச் சான்றிதழில் தேடாமல் கையில் தேடிய ஆசிரியர் ஒருவர் வாய்த்ததே அதற்குக் காரணம்.

ஈஞ்சம்பாக்கத்து மணலில்

ஆண்டுதோறும் கலைப்பள்ளியிலிருந்து வெளிவந்த மாணவரின் நிலை பணிக்கரை வருத்திற்று. ஓவியம் வாங்குவார் அன்று சென்னையில் மிகச் சிலர். படிப்பை முடித்தோர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, சில ஆண்டுகளில் தூரிகையை மறந்தனர். தந்தி இலாகாவில் அமர்ந்திருந்த இளமை நாள்கள் பணிக்கரின் நினைவில் எழுந்திருக்க வேண்டும். அரசையோ செல்வரையோ எதிர்பாராமல் ஓவியர் தம் கைத்திறனாலேயே வாழ வழியுண்டா என்று எண்ணினார்.

வழி கைவினையில் இருந்தது. 1960-களின் முற்பகுதியில் அவரும் மாணவரும் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி, தோல் பொருள்கள் முதலியவற்றைச் செய்து விற்றனர். நாளில் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது ஓவியத்துக்கு. வருவாயில் ஒரு பங்கு பொதுநிதிக்கு என வகுத்துக்கொண்டனர். அந்நிதியைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர் அதில் இணைந்தனர்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடைவிடாது ஊர்திகள் ஓடுகின்றன. அங்கு நிலத்தின் விலையும் சாமானியர் நினைக்கவொண்ணாதது. அன்றோ அது மணலும் சவுக்கும் மீனவர் குடியிருப்பும் மட்டுமே கொண்ட பகுதி. அங்கே கீற்றுக் கொட்டகை அமைத்துக் குடியேறினர். மழைக்காலத்தில் நீரும் கோடையில் மணலும் குடிசைக்குள் புகும். படிப்படியாக வீடுகளும் தொழிற்கூடமும் காட்சிக்கூடமும் திறந்தவெளி அரங்கும் எழுந்தன. ஏறத்தாழப் பத்து ஏக்கர் பரப்பில் விரிந்த அக்கிராமத்தில், தமிழர், மலையாளி, ஆந்திரர், கன்னடர் என மொழி வேறுபாடின்றிக் கலைஞர் வாழ்ந்தனர். பம்பாயில் பிறந்து சென்னையில் பயின்ற புகழ்மிக்க ஓவியர் ஜே. சுல்தான் அலி (1920–1990) தம் பிற்காலத்தை அங்கேயே கழித்தார். மதத்தின் பெயராலோ மொழியின் பெயராலோ அங்கு எவரும் அளக்கப்படவில்லை; உழைப்பே அளவுகோலாக இருந்தது.

மறைவும் நிலைபேறும்

1976-இல் தேசிய லலித் கலா அகாதெமி தன் உயரிய சிறப்பான ஆய்வறிஞர் தகுதியை அளித்துப் பணிக்கரைப் பெருமைப்படுத்தியது. 1977 சனவரியில், அறுபத்தைந்தாம் வயதில், அவர் சென்னையில் இயற்கை எய்தினார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஓவியக்கூடம் அமைந்துள்ளது. தொடக்க கால இயற்கைக் காட்சிகள் முதல் இறுதிக்கால எழுத்தோவியங்கள் வரை அங்கே காணலாம். அவர் மகன் எசு. நந்தகோபால் (1946–2017) உலோகச் சிற்பத்தில் புகழ்பெற்று, சோழமண்டலத்தைத் தொடர்ந்து காத்தார். 2009-இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பணிக்கரின் வாழ்விலிருந்து நம் மாணவச் செல்வங்கள் கொள்ளத்தக்கவை மூன்று. குடும்பக் கடமை கலைக்கும் கல்விக்கும் பகையன்று. காலம் தாழ்ந்தாலும் இருபத்தைந்தாம் வயதிலும் மாணவராகலாம் என்பது ஒன்று. பிறரிடம் கற்பதில் இழிவில்லை. ஆனால் கற்றதிலேயே தங்கிவிடாமல் தன் எழுத்தைத் தானே தேட வேண்டும் என்பது மற்றொன்று. தான் கரையேறியதும் பின்னே நீந்தி வருவோர்க்குக் கைகொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியதே அரிது. நல்ல ஓவியம் தீட்டியோர் பலர். மற்றவர் தீட்டுவதற்கு நிலமும் கூரையும் தேடித் தந்தோர் மிகச் சிலர்.

கார்த்திகை மழை பெய்யும் நாளொன்றில் நம் மாணவர் சோழமண்டலம் சென்று வரலாம். அதற்குமுன் நெடுநல்வாடையை ஒருமுறை படித்துச் செல்வார்களாயின், நக்கீரர் சொல்லால் கண்ட ஒளியையும் பணிக்கர் நீரால் கண்ட ஒளியையும் ஒருசேர உணர்வர். தமிழ்த்துறை மாணவர்க்கு இதனினும் இனிய பாடம் வேறில்லை.